ஏடு கட்டும் நேரம்

மியாத்துக்குத் தன் அக்காள் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. இன்று நேற்று வந்ததல்ல, பல வருஷத்துச் சரக்கு. மொந்தெனெக்ரோவில் கோலாஷின் ஊர்ச் சாராயக்கடையில் அதைக் கேட்காத காது கிடையாது. மரம் ஏற்றுகிற கூப்பிலும் டயர் ஒட்டுகிற கொட்டகையிலும் சொல்லியிருக்கிறான். லாரியை மடக்கிய போலீஸ்காரனிடம்கூட ஒருமுறை சொல்லி, அந்த ஆள் சிரித்துவிட்டு அபராதம் போடாமல் விட்டான். விஷயம் இதுதான்: சின்யாயெவினா மலைமேல் அவன் அப்பன் கட்டிய மேய்ச்சல் குடிலில், அப்பன் கையால் பலகை அடித்த பால் அறைக்குள், அவனை அவன் அக்காள் விடுவதில்லை.

"பக்கத்துக் குடில்காரன் போலாம். வழி தப்பி வந்த எவனோ தண்ணி கேட்டா போலாம். பூனை போவுது, பூனை! கூடப் பொறந்தவன் நான் மட்டும் வாசப்படியோட சரி" என்பான்.

அது ஆரம்பித்த நாளில் அவனுக்குப் பையன் பிறந்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே லாரியைக் கிளப்பி, சாலை முடிகிற இடத்தில் அதைப் போட்டுவிட்டு, மீதி மேட்டை ஓட்டமும் நடையுமாக ஏறி, பூட்ஸ் காலோடு பால் அறைக் கதவை உதைத்துத் திறந்தான். "அக்கா! பையன்!" என்று கத்தி அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். பலகைத் தரை அதிர்ந்தது. சுவரோரம் அடுக்கடுக்காக வைத்திருந்த மரச்சட்டிகளில், காய்ச்சி ஊற்றிய பால் அலையடித்தது. அரை நாளாகப் பால்மேல் படிந்துகொண்டிருந்த ஏடு எல்லாச் சட்டியிலும் கிழிந்து போயிற்று.

கோஸ்பாவா கீழே இறங்கி, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, சட்டிகளைப் பார்த்தாள்.

"பையன் நல்லாயிருக்கானா?"

"சிங்கம்!"

"ஸ்தானியா?"

"அவளும் நல்லாயிருக்கா."

"சந்தோஷம். ஏடு போச்சு. வெளிய போயி உக்காரு."

வாசலுக்கு வெளியே ஒரு மரக்கட்டை கிடந்தது. அதில் உட்கார வைத்துத்தான் அவனுக்குப் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தாள். பையனுக்கு வாழ்த்துச் சொன்னாள், அழுதாள், தம்பியின் தலையைப் பிடித்து முத்தமிட்டாள். எல்லாம் வாசலுக்கு வெளியே. அந்தப் பையன் இப்போது ஆஸ்திரியாவில் பஸ் ஓட்டுகிறான். மியாத் இன்னும் கட்டையில்தான்.

கோஸ்பாவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு எட்டு வயது மூத்தவள். உயரமில்லை, அகலம். நடந்தால் சத்தம் வராது. அவ்வளவு கனத்தை எங்கே வைத்து நடக்கிறாள் என்று யாருக்கும் புரிந்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. பெரானெ ஊரிலிருந்து ஒருவன் கழுத்தில் டை எல்லாம் கட்டிக்கொண்டு வந்தான், நல்ல வேலைக்காரன், சொந்த வீடு. கோஸ்பாவா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. அம்மா திட்டியதற்கு, "காப்பியை அப்பிடிக் குடிக்கிறவனோட நாப்பது வருஷம் என்னம்மா பண்றது?" என்று கேட்டாளாம்.

மே மாதக் கடைசியில் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே போவாள். பனி விழப் பார்க்கும்போது இறங்குவாள். நடுவில் அவள் வேலை செய்கிற வேகத்தை யாரும் வேகம் என்று சொல்லமாட்டார்கள், ஆனால் சாயங்காலம் பார்த்தால் எல்லா வேலையும் முடிந்திருக்கும். கறந்து, காய்ச்சி, சூடாகவே மரச்சட்டிகளில் ஊற்றி வைத்துவிட்டு, பால் அறையின் மூலையில் உள்ள முக்காலியில் உட்காருவாள். கைகளை மடியில் வைத்துக்கொள்வாள். பின்னல் கிடையாது, ஜெபமாலை கிடையாது. உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

அந்த நேரத்துக்குத் தோமாஷ் வருவான். பக்கத்துக் குடிலில் ஆடு வைத்திருக்கிறவன், பெண்டாட்டி செத்து வருஷமாகிறது. தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதவோரப் பெஞ்சில் உட்காருவான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். சன்னல் வழியாக வெளிச்சம் மங்கும். பிறகு தோமாஷ் "சரி" என்பான். அவள் "சரி" என்பாள். அவன் போய்விடுவான்.

வெளியே கட்டையில் உட்கார்ந்து இதைக் கவனித்த மியாத்துக்கு ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டது. "என்னக்கா, கட்டிக்கப் போறீங்களா ரெண்டு பேரும்?"

"எதுக்கு?" என்றாள் கோஸ்பாவா. "கட்டிக்கிட்டா பேச வேண்டி வரும்."

இப்படிப்பட்டவள் ஒரு ஜூலை மாதத்தில், ஊற்றடியில் பாசி பிடித்த கல்லில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. தோமாஷ்தான் தன் ஓட்டை ஜீப்பில் வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்க வைத்துக் கீழே கொண்டுபோனான். ஆபரேஷன் செய்து இரும்பு வைத்தார்கள். இலையுதிர்காலத்துக்குள் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

மியாத் பார்க்கப் போனான். அவள் படுக்கை சன்னலோரம். சன்னலுக்கு வெளியே சுவர்.

"மாட்டை வித்துடு" என்றாள் எடுத்த எடுப்பில்.

"என்ன பேச்சு இது?"

"தோமாஷ் ஒரு வாரம் கறப்பான். அவனுக்கு ஆடு இருக்கு. ஏடு எடுக்க ஆளில்ல. ஏடு வித்தாத்தான் குளிருக்கு வைக்கோல். வைக்கோல் இல்லாத மாட்டை என்ன, வீட்டுக்குள்ள கூட்டிவந்து ரொட்டி போடுவியா? ரோஜாயேல மாட்டு யாவாரி ஷெஃப்கெத் இருக்கான், அவன் கிட்டச் சொல்லு."

மியாத் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கைகள் போர்வையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தன. நூல் நூலாக இழுத்து, உருட்டி, போட்டு, மறுபடியும் இழுத்து. அக்காளின் கைகள் அப்படிச் சும்மா இல்லாமல் அலைவதை அவன் பார்த்ததே இல்லை. அது அவனுடைய கைகள் செய்கிற வேலை. லாரி ஓட்டாத நேரத்தில் மேசைத் துணியை, சிகரெட் பெட்டியை, ரொட்டியின் மேல்தோலை அவன் பிய்ப்பது அப்படித்தான். மாடு போனால் இவள் கைகள் இனி எப்போதும் இப்படியே இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

"நான் பாத்துக்கறேன்" என்றான்.

"எதை?"

"மாட்டை. பாலை. எல்லாத்தையும். லாரி கியர் பாக்ஸ் போயி நிக்குது, சாமான் வர ரொம்ப நாளாகும்ங்கறான்."

கோஸ்பாவா சிரித்தாள். சிரிப்பு இடுப்பில் பிடித்து, முகம் சுருங்கி, மறுபடியும் சிரித்தாள். "சிரிக்க வைக்காதடா, தையல் பிரிஞ்சிடும். நீயா! நீ நடந்தா கோலாஷின்ல தட்டு ஆடும்."

"நான் பாத்துக்கறேன்னா பாத்துக்கறேன்."

"பால் அறை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கை போர்வையை விட்டுவிட்டது.

"பூட்ஸைக் கழட்டிட்டுப் போ" என்றாள். "நான் வர்றப்ப உப்புப் போட்டு அடுக்கற தொட்டியில ஏடு இருக்கணும். இல்லேன்னா ஷெஃப்கெத்தை நீயே கூப்பிட்டுடு. நான் கேக்கமாட்டேன்."

வீட்டில் மூட்டை கட்டும்போது ஸ்தானியா தடுக்கவில்லை. லாரி நின்ற நாளிலிருந்து புருஷன் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்ததில் அவளுக்குத் தலை கிறுகிறுத்துப் போயிருந்தது. "போ மனுஷா, போ" என்றாள். "இன்னும் ஒரு வாரம் நீ இங்க இருந்தா நம்மள்ல ஒருத்தர் ஜெயிலுக்குப் போகணும், இன்னொருத்தர் கல்லறைக்கு."

இப்படித்தான் மியாத், அத்தனை வருஷத்துக்குப் பிறகு, சொந்த அப்பன் கட்டிய பால் அறைக்குள் வெறுங்காலோடு நுழைந்தான். உள்ளே குளுமை. தேவதாரு வாசனை, உப்பு வாசனை, புளிப்பு. இவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு.

முதல் சாயங்காலமே மாடுகள் அவனை இனம் கண்டுகொண்டன. புள்ளி மாடு ஷாருல்யா, அவன் கை மடியில் பட்டதும் பாலை மேலே இழுத்துக்கொண்டாள். அவன் இன்னும் வேகமாகப் பிடித்துக் கறந்தான், அவள் வாளியை உதைத்தாள். கிடைத்த பாலை அடுப்பில் ஏற்றி, சீக்கிரம் கொதிக்கட்டும் என்று விறகைத் திணித்தான். பொங்கி வழிந்து பாதி சாம்பலுக்குப் போயிற்று. மீதியைச் சட்டிகளில் ஊற்றி வைத்தான். ஒரு சிகரெட் குடித்துவிட்டு வந்து கதவைத் திறந்து பார்த்தான், ஏடு படியவில்லை. விறகு பிளந்துவிட்டு வந்து பார்த்தான், மெல்லிசாக ஏதோ ஒன்று. விரலால் தொட்டுப் பார்த்தான், அது சுருங்கி மூழ்கியது. சட்டியைச் சன்னல் பக்கம் நகர்த்தினால் காற்றுக்குச் சீக்கிரம் ஆகும் என்று நகர்த்தினான். காலையில் பார்த்தால் எல்லாச் சட்டியிலும் கந்தல் துணியைக் கிழித்துப் போட்ட மாதிரி மிதந்தது.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும்.

ஏடு படிய வேண்டிய நேரத்தில் அவன் செய்யாத வேலை இல்லை. வேலியைக் கட்டினான். கூரையில் ஓட்டைப் பலகைகளை மாற்றினான். அவன் ஆணி அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே சட்டிகள் குதித்தன. விறகு எவ்வளவு பிளந்தான் என்றால், தோமாஷ் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "யாரையாவது எரிக்கப் போறியா?" என்று கேட்டான். அந்தக் குடில் அதற்கு முன் அவ்வளவு பழுதில்லாமல் இருந்ததும் இல்லை, அங்கே அவ்வளவு கேடுகெட்ட ஏடு வந்ததும் இல்லை.

தோமாஷ் வழக்கம்போல் சாயங்காலம் வந்து தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் உட்காருவான். கோஸ்பாவா இல்லையே, இவன் ஏன் வருகிறான் என்று மியாத்துக்குப் புரியவில்லை. வந்த மனுஷனை மதிக்க வேண்டுமே என்று அவனும் முக்காலியில் உட்கார்ந்தான்.

"ஆடெல்லாம் எப்பிடியண்ணே?"

"இருக்கு."

"மழை வருமா?"

"வந்தா வரும்."

மியாத் காலை ஆட்டினான். மூக்கைச் சொறிந்தான். "என்ன யோசிக்கறீங்க?"

"எப்ப?"

"இப்பத்தான்."

தோமாஷ் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தேடிப் பார்த்தான். "கொஞ்சம் முன்னால ஒரு ஆட்டோட குளம்பைப் பத்தி யோசிச்சேன். அது முடிஞ்சுது."

"அப்ப இப்ப?"

"இப்ப நீ பேசிட்டிருக்கியே, எப்பிடி யோசிக்கறது."

மியாத் எழுந்து போய்ச் சட்டியை எட்டிப் பார்த்தான். "போலீஸ்காரன் லாரிக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரி பாக்குறே" என்றான் தோமாஷ். "பால் பயந்துக்கும்." பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு மியாத் வாசலில் நின்று, எனக்கு ஏன் முடியவில்லை என்று முதல்முறையாகத் தன்னையே கேட்டுக்கொண்டான். பதில் தெரியாதவன் இல்லை அவன். அவன் அப்பன் வாலிபத்தில் வடக்கே தூரத்து மாரிபோர் நகரத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்தான். அங்கே இருந்தவர்களுக்கு மொந்தெனெக்ரோக்காரன் என்றால் சோம்பேறி. "உங்க ஊர்க் கோழி நாளைக்கு முட்டை போட்டுக்கலாம்னு படுத்துக்குமாமே" என்று ஒருவன் ஆரம்பிப்பான், சாப்பாட்டு மேசை முழுக்கச் சிரிக்கும். அப்பனும் சேர்ந்து சிரித்தான், சிரித்துச் சிரித்து உள்ளே ஏதோ கெட்டித்துப்போய் ஊர் திரும்பினான். அதன் பிறகு அவன் வீட்டில் யாரும் உட்காரக் கூடாது. மகன் எங்காவது குந்தினால் காலால் தள்ளிவிட்டு, "என்ன துரை, களைச்சுப் போயிட்டீங்களோ?" என்று கேட்பான். அந்த வீட்டு நாற்காலிகள் கடைசிவரை புதுசாகவே இருந்தன. இன்றைக்கும் மியாத் உட்கார்ந்தால் இடுப்பில் அந்தக் கால் வந்து படும். அப்பன் செத்துப் பல வருஷமாகியும் படும்.

ஆனால் அக்காளும் அதே வீட்டில்தானே வளர்ந்தாள்? அவளையும் அந்தக் கால் உதைத்ததே? அவள் என்ன செய்தாள் என்று நினைத்துப் பார்த்தான். ஞாபகம் வந்தது. தள்ளிவிட்டால் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்வாள்.

மூன்றாவது வாரம் அவன் கைவிட்டான். தொட்டியின் அடியில் உப்புத்தான் இருந்தது. மலை முகட்டில் போனுக்குச் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு ஏறி, ரோஜாயே ஷெஃப்கெத்தைக் கூப்பிட்டான். "நாளன்னிக்கு வர்றேன், எல்லா மாடும் எனக்குத்தான், வேற எவனுக்கும் காட்டாத" என்றான் ஷெஃப்கெத். திரும்பி இறங்கும்போது ஆஸ்பத்திரிப் போர்வையின் நூல் மியாத்தின் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஆத்திரத்தில் ஊற்றடியிலிருந்து இரண்டு பெரிய கேன்களை ஒரே மூச்சில் தூக்கினான். இடுப்பில் படார் என்று ஒன்று பிடித்தது.

லாரிக்காரன் இடுப்பு, முன்பே வாங்கிய அடிகள் உண்டு. ஆனால் இப்படி ஒன்று வந்ததில்லை. கேனை வைத்துவிட்டு, ஒரு கிழவன் போல் வேலியைப் பிடித்துப் பிடித்துக் குடிலுக்கு வந்தான்.

மாடுகளுக்கு அவன் இடுப்பைப் பற்றி என்ன கவலை? சாயங்காலம் வந்து நின்றன. கறந்தாக வேண்டும். முக்காலியில் மெல்ல இறங்கி உட்கார்ந்தான். நிமிர முடியாததால் நெற்றியை ஷாருல்யாவின் விலாவில் சாய்த்துக்கொண்டான். வேகமாகக் கையை இழுத்தால் முதுகில் கத்தி பாய்ந்தது, அதனால் மெதுவாகத்தான் இழுக்க முடிந்தது. அவள் வயிறு ஏறி இறங்குவது நெற்றியில் தெரிந்தது. உள்ளே எங்கோ தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அவள் திரும்பி ஒருமுறை அவனை முகர்ந்தாள். பிறகு பாலை விட்டாள். வாளி நிறைந்து நுரை தளும்பியது. மியாத் கெட்ட வார்த்தை ஒன்றை மெதுவாக, பிரியமாகச் சொன்னான்.

விறகு தூக்க முடியாது, அதனால் அடுப்பு மெல்ல எரிந்தது, பால் பொங்காமல் காய்ந்தது. சின்னச் சின்னதாக மொண்டு சட்டிகளில் ஊற்றினான். ஊற்றி முடித்ததும் இனி ஒரு அடி நடக்க முடியாது என்று தெரிந்தது. பால் அறைத் தரையிலேயே சுவரில் முதுகைக் கொடுத்துக் கால் நீட்டி உட்கார்ந்தான்.

முதலில் அது வேதனையாகத்தான் இருந்தது. முதுகைச் சொல்லவில்லை. எழுந்து போய்ச் செய்ய ஆயிரம் வேலை இருக்கிறதே என்ற வேதனை. வாளியைக் கழுவவில்லை. கன்றைக் கட்டவில்லை. அப்பன் வந்து காலால் தட்டினான்: என்ன துரை? "இடுப்பு பிடிச்சிருக்குப்பா" என்று மியாத் நிஜமாகவே வாய்விட்டுச் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னான்: "இடுப்பு பிடிக்கலேன்னாலும் உக்காருவேன்." சொல்லிவிட்டுக் காத்திருந்தான். கால் வரவில்லை.

தோமாஷ் வந்தான். தரையில் கிடக்கிறவனைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் உட்கார்ந்தான். மியாத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. ஆனால் பேச மூச்சு இழுத்தால் முதுகு வலித்தது, விட்டுவிட்டான். சன்னல் வெளிச்சம் சட்டிகளின் மேல் கிடந்தது. பாலின் முகத்தில் முதலில் பளபளப்பு இருந்தது. எப்போது என்று தெரியாமல் அந்தப் பளபளப்பு போயிற்று. மேலே மஞ்சளாக, மிக மெல்ல, ஒன்று வந்து உட்கார்ந்தது. அது வருவதை யாரும் பார்க்க முடியாது, வந்த பிறகுதான் பார்க்க முடியும். ஓரத்தில் சிறு சுருக்கம் விழுந்தது. வெளியே மாட்டு மணி ஒருமுறை அசைந்தது. ஏதோ ஒரு நேரத்தில் மியாத் தன் கைகளைப் பார்த்தான். அவை தொடைமேல் கிடந்தன, யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி.

"சரி" என்றான் தோமாஷ்.

"சரி" என்றான் மியாத்.

மறுநாளும் அவனால் எங்கும் போக முடியவில்லை. கறந்தான், காய்ச்சினான், ஊற்றினான், உட்கார்ந்தான். முந்தின நாள் ஏடு விரல் பருமன் தடித்து, கன்றுக்குட்டித் தோல் மாதிரி மடிந்து, கரண்டியில் கிழியாமல் வந்தது. தொட்டியில் விரித்து உப்புத் தூவினான். இன்னொரு சட்டி, இன்னொரு வரிசை.

ஷெஃப்கெத் வந்தபோது அவன் உள்ளேதான் இருந்தான். பணக்கட்டும் கயிறுமாக வந்த ஷெஃப்கெத் வாசலில் நின்று தொண்டையைத் திறந்தான். "டேய் மியாத்! எங்கடா இருக்க? மாட்டை எங்க கட்டியிருக்க?" கதவை ஒரு தள்ளு தள்ளினான்.

"கத்தாதே!" என்று மியாத் உள்ளேயிருந்து சீறினான், அதுவும் மெல்லிய குரலில். "ஏடு கட்டுது. வெளிய கட்டை கிடக்கு பாரு, அதுல போயி உக்காரு."

"நான் உக்கார வரல, மாட்டைப் பாக்க வந்தேன்."

"மாடு இல்ல."

"இதோ மேயுதே, என் கண்ணு பொட்டையா?"

"மேயுது. விக்கறதுக்கு இல்ல. சாராயம் இருக்கு, குடிச்சிட்டுப் போ. ஆனா மெதுவா நட."

ரோஜாயேயிலிருந்து பெட்ரோல் எரித்துக்கொண்டு வந்த ஷெஃப்கெத் அன்று சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் சாராயத்தைக் குடித்துவிட்டுத்தான் போனான், போகும்போது ஒரு துண்டு ஏடும் ரொட்டியும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

முதுகு ஒரு வாரத்தில் சரியாயிற்று. அப்போதுதான் மியாத்துக்குப் பயம் வந்தது. இனி எழுந்து ஓடலாமே. ஓடத்தான் செய்தான், பொய் சொல்வானேன். சில சாயங்காலங்களில் கோடரி அவனைக் கூப்பிட்டது, போய்விட்டான். மறுநாள் சட்டியில் கந்தல். சில நாள் உட்கார்ந்திருக்கும்போதே கால் தன்பாட்டுக்கு ஆடியது, கையால் பிடித்து நிறுத்தினான். ஆனால் இடையிடையே, தோமாஷ் வந்து உட்கார்ந்து வெளிச்சம் மங்குகிற நேரத்தில், அந்த மூலை அவனுக்குப் பொருந்திப்போகும். அதற்குப் பெயர் அவனுக்குத் தெரியாது. நீளமான இறக்கத்தில் இன்ஜினை அணைக்காமல், பிரேக்கையும் தொடாமல், வண்டி தானே போகிற ஒரு இடம் உண்டு. கிட்டத்தட்ட அந்த மாதிரி என்று போனில் ஸ்தானியாவிடம் சொன்னான். அவள் காதை நம்பாமல், "குடிச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் தோமாஷிடம் மாடுகளை விட்டுவிட்டு, கண்ணாடி ஜாடியில் ஏடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். கோஸ்பாவாவை இப்போது நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு கால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடைபாதையில் வெகு கோபமாக வந்தாள். உட்கார வைத்து, ரொட்டியில் தடவிக் கொடுத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"உப்பு ஜாஸ்தி."

"சரி."

"யாரு எடுத்தது? தோமாஷா?"

"நான்."

கண்ணைத் திறந்தாள். "நீ எங்க இருந்த?"

"எங்க இருப்பேன்? உள்ளதான். உன் முக்காலியில."

"பூட்ஸ்?"

"வெறுங்காலு."

அவள் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ரொட்டி தீர்ந்த பிறகு விரலால் வழித்துத் தின்றாள். அடுத்த படுக்கைக்காரி கொஞ்சம் கேட்டதற்கு, "என் தம்பி எடுத்தது" என்று சொல்லி, கொடுக்க மனமில்லாமல் ஒரு நுனி கொடுத்தாள்.

அப்போது மியாத் கேட்டுவிட்டான். இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்தது. "அக்கா, என்னை ஏன் உள்ள விடல? உண்மையைச் சொல்லு. வேற ஏதோ காரணம் இருக்குதானே?"

"என்ன காரணம்?"

"அதான் கேக்கறேன். நான் ஏதாவது உன் மனசு நோகப் பண்ணேனா?"

கோஸ்பாவா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பால் ஆடும்டா. வேறென்ன?"

அவ்வளவுதான். மியாத்துக்கு ஒரு பக்கம் ஏமாற்றம், இன்னொரு பக்கம் ஏதோ இறங்கிப்போன மாதிரி. திரும்பி வரும்போது லாரி இருந்திருந்தால் பாட்டுப் பாடியிருப்பான், பஸ்ஸில் மரியாதையாக உட்கார்ந்து வந்தான்.

செப்டம்பரில் அவளை மேலே கூட்டிப்போனார்கள். தோமாஷின் ஜீப், மியாத் ஓட்டினான், நத்தை கூட முந்திப்போயிருக்கும். ஒவ்வொரு குழிக்கும் அவள் "ம்" என்றாள். குடிலுக்கு வந்ததும் மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வேலியையும் கூரையையும் விறகு மலையையும் பார்த்தாள். கோலை ஊன்றிக்கொண்டு பால் அறைக்குப் போய்த் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். பாதிக்கு மேல் இருந்தது. வைக்கோலுக்குப் போதும். அவள் முக்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்தாள். மியாத் வாசலில் நின்று பார்த்தான். அவை பழையபடி அசையாமல் கிடந்தன.

மிச்சமிருந்த நாட்களை மூன்று பேரும் அங்கேதான் கழித்தார்கள். அவள் முக்காலியில், தோமாஷ் பெஞ்சில், மியாத் தரையில். சோளக்களியும் ஏடும் சாப்பிட்டார்கள். பேச்சு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு சாயங்காலம் மியாத் தூங்கிப்போய்க் குறட்டை விட்டான், அதற்கும் பால் ஆடுகிறது என்று எழுப்பிவிட்டாள்.

குளிருக்கு மாடுகளும் அவளும் மியாத்தின் வீட்டுக்கு வந்தார்கள். மாடுகள் நன்றாக இருந்தன. அவளுக்கு இடுப்பு ஆறியது, நெஞ்சு பலவீனமாயிற்று. மார்ச்சில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஏப்ரலில், கணவாய்களில் பனி உருகிக்கொண்டிருந்தபோது, படுக்கையை அடுப்படிக்குக் கொண்டுவந்து போட்டார்கள். பயமோ அவசரமோ அவளிடம் தெரியவில்லை. பாதிரியார் வந்தபோது அவர் சீக்கிரம் சீக்கிரமாக ஜெபம் சொல்லுவதைப் பார்த்து, "உக்காருங்க சாமி, எங்க போகப் போறோம்" என்றாள்.

இறந்துபோவதற்கு முந்தின நாள் மத்தியானம். ஸ்தானியா துணி காயப்போட வெளியே போயிருந்தாள். மியாத் பக்கத்தில் நாற்காலியில் இருந்தான். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மாட்டை மேல ஓட்டிட்டுப் போவியா?"

"போவேன்."

"லாரி?"

"அதை இலையுதிர்காலத்துல ஓட்டிக்கறேன்."

"ம்." கொஞ்சம் மூச்சு எடுத்தாள். "தோமாஷ் வருவான். நான் இல்லேன்னு தெரிஞ்சும் வருவான்."

"வரட்டும், அக்கா."

"வந்தா உக்கார வை" என்றாள். "ஆறுதல் கீறுதல்னு பேச்சுக் குடுக்காத."